பாம்புக் கூண்டுக்குள் வைக்க நம் பக்கத்துக் காட்டிலிருந்து எதையெல்லாம் எடுத்து வரலாம்?

வளவுவீட்டான், காரைக்குடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஐந்து வயதுள்ள பெண் பால் பைத்தான் ஒன்று இருக்கிறது. சென்னையில் இருந்த நண்பர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒப்படைத்தார். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவும் கைமாற்ற விவரமும் முறைப்படி ஏற்றப்பட்டுள்ளன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பாம்பு என்று எழுதினாலே முதல் பத்து மறுமொழிகள் அதைப் பற்றித்தான் வருகின்றன. பெயரைக் கேட்ட என் அப்பத்தா, இது பால் குடிக்கும் பாம்பு என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். மிரண்டால் பந்து போலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது என்று எத்தனை முறை சொல்லியும், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கிண்ணம் பாலை அறை வாசலில் வைத்துவிடுகிறார். வீட்டுப் பூனைக்குக் கொண்டாட்டம்.

பாம்பு இருப்பது நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த மரக்கூண்டு. வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது உள்பகுதியில், ஓர் அறையில் வைத்திருக்கிறேன். உள்ளே செய்தித்தாள், தண்ணீர்ச் சட்டி, கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் டப்பா, அவ்வளவுதான். பாம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறது, சட்டையையும் கிழியாமல் முழுதாக உரிக்கிறது. ஆனாலும் இரவில் அது கூண்டின் நான்கு மூலைகளையும் மாறி மாறி முகர்ந்து அலைவதைப் பார்க்கும்போது, தேடிப் போக உள்ளே ஏதாவது இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. கடையில் விற்கும் அலங்காரக் கட்டைகளின் விலை என் கைக்கு எட்டவில்லை. எங்கள் ஊரைச் சுற்றியோ புதர்க்காடும் தோப்பும் கண்மாய்க்கரையுமாகக் கிடக்கின்றன.

நான் கண்ணுக்கு வைத்திருப்பவை இவை: சீமைக்கருவேலக் கிளைகள், எங்கள் பங்காளி ஒருவரின் முந்திரித் தோப்பில் வெட்டிப் போட்டிருக்கும் வளைந்த கிளைகள், தைலமரத்திலிருந்து சுருள் சுருளாக உரிந்து விழும் பட்டை, செம்புரைக்கல் இரண்டு மூன்று, சருகு, முடிந்தால் பழைய கரையான் புற்றிலிருந்து ஒரு பெரிய துண்டு. இவற்றில் எவை பாம்புக்கு ஆகும், எவை ஆகா, உள்ளே வைப்பதற்கு முன் எப்படிச் சுத்தம் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். “காட்டைக் கொண்டாந்து வீட்டுல வச்சா, காட்டுல இருக்கறதும் பின்னாடியே வரும்” என்று அப்பத்தா சொல்கிறார். அதற்கும் ஒரு பதில் கிடைத்தால் நன்று.

உளியும் கொட்டாப்புளியும், தேவகோட்டை

தம்பிக்கு வணக்கம். தச்சு வேலை என் தொழில். பாம்பு, ஓணான் வளர்ப்பவர்களுக்குக் கூண்டு செய்து கொடுக்கத் தொடங்கி, அவர்களோடு பழகிப் பழகி எந்த மரம் உள்ளே போகலாம் என்பதில் எனக்கென்று ஒரு கணக்கு உருவாகிவிட்டது.

பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் வரும் படங்களில் இந்தப் பாம்பின் கூண்டைப் பாசியும் பெரணியும் தொங்கும் கொடிகளுமாக மழைக்காடு போல ஜோடித்திருப்பார்கள். பால் பைத்தானின் சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் என்று நீளும் மேற்கு ஆப்பிரிக்காவும் நடு ஆப்பிரிக்காவுமாகும். அங்கே அது புல்வெளியிலும் மரங்கள் விட்டுவிட்டு நிற்கும் திறந்த காட்டிலும், பகல் முழுவதும் எலி வளைக்குள்ளோ கைவிடப்பட்ட கரையான் புற்றுக்குள்ளோ பதுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு வெளியே வருகிறது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆகவே உங்கள் புதர்க்காட்டின் சாயல் இந்தப் பாம்புக்கு அந்நியமாக இராது. அதற்கு முதல் தேவை உடம்பை நெருக்கிப் பிடிக்கும் இருட்டுப் பொந்து. ஏறிப் பார்க்கக் கிளை இரண்டாவதுதான். இந்த வரிசையை மறந்து, பார்ப்பவர் கண்ணுக்காகக் கூண்டை நிரப்பியவர்களின் பாம்புகள் இரை எடுக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

தைலமரப் பட்டை வேண்டாம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணெய் மணம் காய்ந்த பிறகும் முழுதாகப் போவதில்லை. முப்பது டிகிரிக்கு மேல் சூடு வைத்திருக்கும் மூடிய பெட்டிக்குள் அது இன்னும் கிளம்பும். நாக்கை நீட்டி நீட்டிக் காற்றிலுள்ள வாசனையை மேல்வாய்க்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பாம்பு உலகத்தை அறியும் வழி என்பதால், தைல வாடைக்குள் அதை அடைத்து வைப்பது நம்மை மிளகாய்க் கிடங்கில் குடிவைப்பதற்குச் சமம். தேவதாரு மரத்தூளையும், கொடைக்கானல் போய்வரும் நண்பர்கள் ஆசையாகக் கொண்டுவந்து தரும் பைன் காயையும் இதே காரணத்துக்காகத் தள்ளிவிடுங்கள். பிசின் ஒட்டும் எதுவும், மூக்கருகே கொண்டுபோனால் சுர்ரென்று ஏறும் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது என் பட்டறை விதி.

முந்திரியும் வேண்டாம். கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை; ஓட்டிலிருக்கும் எண்ணெய் தோலை வேகவைத்துவிடும். மரத்தின் பட்டையும் பிசினும் அந்தக் குணத்திலிருந்து முழுதாக விலகியவை அல்ல. மாமரமும் அதே குடும்பம்தான். நன்றாகக் காய்ந்த மாங்கட்டையில் பயம் குறைவு, பால் வடியும் பச்சைக் கிளையைத் தொடாதீர்கள். அரளி, எருக்கு, கள்ளி ஆகியவற்றின் காய்ந்த குச்சிகூட வேண்டாம் என்பதை நீங்கள் கேட்காமலேயே சொல்லி வைக்கிறேன். அரளியின் நஞ்சு இதயத்தைப் பிடிப்பது, காய்ந்தாலும் போகாதது.

சீமைக்கருவேலம் நல்ல தேர்வு. வெட்டிப் போனால் வருத்தப்பட ஊரில் ஆளில்லாத ஒரே மரம் அதுதான். கட்டை கனமாகவும் இறுகலாகவும் இருக்கும், ஈரத்தில் எளிதில் உளுத்துப்போகாது. ஆனால் இரண்டு வேலை இருக்கிறது. முள்ளை வெட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அடிக்கட்டு குத்தூசியாக நிற்கும். குறடால் அடியோடு நெருக்கி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகு பழைய பருத்தித் துணியைக் கிளை முழுவதும் இழுத்துப் பாருங்கள். துணி எங்காவது மாட்டினால் பாம்பின் வயிற்றுச் செதிலும் அங்கே மாட்டும். அடுத்தது, வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டையில் வண்டு துளைப்பது மிக அதிகம். பட்டையை முழுதாக உரித்து, வெள்ளை மாவு கொட்டும் துளைகள் இருந்தால் அந்தக் கிளையை அடுப்புக்கு அனுப்பிவிடுங்கள். புளியங்கிளை கிடைத்தால் அதற்கு நான் இன்னும் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். வளைவு நன்றாக இருக்கும், முள் வேலையும் இல்லை.

செம்புரைக்கல்லை வையுங்கள், சட்டை உரிக்க உரசிக்கொள்ள ஏற்ற சொரசொரப்பு அதில் உண்டு. ஆனால் கல்லைத் தரையில் பரப்பும் தேங்காய் நார்த்தூளின் மேல் வைக்காமல், கூண்டின் தரைப்பலகை மேலேயே உட்கார வைத்துவிட்டுப் பிறகு சுற்றிலும் தூளை நிரப்புங்கள். மேலே வைத்தால் பாம்பு அடியில் தோண்டிக்கொண்டு போகும். கல் இறங்கி நசுக்கிவிடும். கட்டைக்கும் இதே விதி. கல்லிலோ கட்டையிலோ உள்ள பொந்துகளையும் பாருங்கள்: ஒன்று பாம்பின் தலையே நுழையாத அளவு சிறியதாக இருக்க வேண்டும், அல்லது எலியை விழுங்கிய பிறகு உப்பியிருக்கும் உடம்பு தாராளமாகத் திரும்பி வரும் அளவு பெரியதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள துளைதான் ஆபத்தானது.

இதோடு உங்கள் பட்டியலில் இல்லாத இரண்டைச் சேர்க்கிறேன். ஒன்று, காய்ந்த தென்னம்பாளை. படகு போன்ற அந்த வடிவத்தைக் கவிழ்த்து வைத்தால் எந்தக் கடையிலும் கிடைக்காத பதுங்கிடம், செலவும் இல்லை. பழசானால் எறிந்துவிட்டு வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். பனைமட்டை வேண்டுமென்றால் இரு ஓரத்துக் கருக்கையும் இழைத்து நீக்கிய பிறகுதான். இரண்டு, மானாமதுரைப் பானை. கடத்துக்குப் பேர்போன அந்த மண்ணில் வனைந்த, மெருகு பூசாத சாதாரணப் பானையில் வாயை ஒரு பக்கமாக அரம் வைத்து அகலப்படுத்தி, ஓரத்தை மழுக்கி, படுக்கை வாக்கில் பாதியளவு புதைத்து வையுங்கள். வெளிப்பக்கத்தை நனைத்தால் குடிதண்ணீர்ப் பானை எப்படிக் குளிர்கிறதோ அப்படியே இதுவும் குளிரும், உள்ளே ஈரப்பதமும் நிற்கும். சித்திரை மாதத்தில் மூடிய அறையே முப்பத்தைந்தைத் தாண்டும் நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான பொந்து எனக்குத் தெரிந்து இல்லை. நீங்கள் கேட்ட புற்றின் வேலையையும் இதுவே செய்துவிடும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீடுகளிலிருந்து இறக்கிய பர்மாத் தேக்குத் துண்டுகளும் சிற்பத் தூண் தலைப்புகளும் கிடைக்கும். செட்டிநாட்டுப் பாம்புக்குச் செட்டிநாட்டுத் தூண் என்ற ஆசை யாருக்கும் வரும், எனக்கே வந்தது. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம், கரையான் மருந்து எத்தனை முறை குடித்திருக்கிறதோ தெரியாது, வார்னிஷ் வேறு. வரவேற்பறையில் வையுங்கள், கூண்டுக்குள் வேண்டாம்.

கண்மாய்க்கரை, திருப்பத்தூர்

மரத்தைப் பற்றித் தச்சர் ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு அறிவில்லை. எங்கிருந்து எடுப்பது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், தம்பி. அது கேள்வியில் இல்லை, ஆனால் இருந்திருக்க வேண்டும்.

நம் பகுதியில் அய்யனாருக்கும் கருப்பருக்கும் விட்ட கோயில்காடுகளில் காய்ந்த சுள்ளிகூட எடுக்கமாட்டார்கள். எங்கள் ஊரில் பொங்கல் வைக்கப் போகிறவர்கள்கூட விறகை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுதான் போவார்கள். சாமி குத்தம் என்று சொல்வதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், சுற்றிலும் வெட்டாந்தரையாகிப் போன பிறகும் அந்த ஓர் ஏக்கரில் வீரையும் உசிலையும் நிற்பதற்கு அந்தப் பயம்தான் காரணம். விழுந்த கட்டை அங்கே வீணாய்க் கிடப்பதாகத் தோன்றும். அதற்குள் குடியிருக்கும் வண்டும் அரணையும் அப்படி நினைப்பதில்லை.

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் எங்களுக்குப் பக்கம். 1977ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. வேட்டங்குடி, பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்தது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. அங்கே கருவேல மரத்தடியில் காய்ந்த கிளைகள் கிடப்பதைப் பார்த்து ஒருவர் மிதிவண்டியில் கட்டிக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். சரணாலயத்திலோ காப்புக்காட்டிலோ ஒரு கல்லை எடுத்தாலும் அது சட்டப்படி குற்றம். அதை விட்டாலும், பறவை எச்சம் பருவம் பருவமாக ஊறிய கட்டையைப் பாம்புக் கூண்டுக்குள் கொண்டுபோய் வைப்பது எந்த வகையில் சுத்தம்?

புற்றை இடிக்காதீர்கள். மஞ்சள் துணி கட்டியிருந்தாலும் கட்டியிராவிட்டாலும் இடிக்காதீர்கள். ஆளில்லாத புற்று என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. உள்ளே கரையான் இருக்கும், நல்ல பாம்பு இருக்கும், இரண்டும் இல்லையென்றால் தேள் இருக்கும். இன்னும் உயிருள்ள கரையான் ஒரு கைப்பிடி உங்கள் வளவுக்குள் வந்து சேர்ந்தால், தூணும் விட்டமும் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பத்தா சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் பங்காளியின் தோப்பு, சொந்தக் கொல்லை, சீமைக்கருவேலம் வெட்டிக் குவித்திருக்கும் பட்டா நிலம் இவை போதும். பூச்சிமருந்து அடித்த தோப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து மரத்தை விட்டுவிடுங்கள், புகைக்கரி படிந்திருக்கும். சருகுக்கு நாட்டு வாதுமை இலை நன்றாக இருக்கும். பழுத்துச் சிவந்து தானாக உதிர்ந்ததைப் பொறுக்கினால் மரத்துக்கும் நட்டமில்லை.

மாட்டு டாக்டர், சிவகங்கை

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன் நான். மாட்டையும் ஆட்டையும் பார்த்தே காலம் போனவன் என்றாலும், கடைசிப் பத்து ஆண்டுகளில் வளர்ப்புப் பாம்புகளும் என் மேசைக்கு வந்தன. வந்தவற்றில் பாதி, கூண்டைச் சுத்தம் செய்த முறையால் வந்தவை. அதனால் சுத்தம் செய்வதைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், செய்யக் கூடாதது. பினாயிலைக் கொண்டு கட்டையையோ கூண்டையோ துடைக்காதீர்கள். பினால் வகைக் கிருமிநாசினிகள் பாம்புக்கு நஞ்சு. கட்டையில் ஊறியது மாதக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். பூச்சி வராது என்று அந்துருண்டையை மூலையில் போட்டவர்களும் உண்டு, வேப்பிலையைப் பரப்பினால் பேன் ஓடிவிடும் என்று நம்பியவர்களும் உண்டு. முதலாவது பாம்பைக் கொல்லும், இரண்டாவது பேனைக் கொல்லாது. கூண்டு இருக்கும் அறையில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் கொசுவர்த்தியும் வேண்டாம் என்று அப்பத்தாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பால் கிண்ணத்தால் தீங்கில்லை, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

காட்டுப் பொருளோடு வருபவை பலவகை. வண்டு, எறும்பு, பூரான் போன்றவை கண்ணுக்குத் தெரிந்துவிடும். உண்ணி, முன்பு வேறொரு பாம்போ உடும்போ அந்தக் கட்டையருகே படுத்திருந்தால் வரும். பாம்புப் பேன் பெரும்பாலும் மற்றொரு பாம்பிடமிருந்துதான் தொற்றுகிறது, கட்டை வழியாக வருவது குறைவு. ஆனால் வந்துவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. மிளகாய் விதையைவிடச் சிறியது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, கறுப்புப் புள்ளி போல இருக்கும். கண் விளிம்பிலும் மேலுதட்டு வெப்பக்குழிகளிலும் தாடைக்கடியிலும் பாருங்கள். தண்ணீர்ச் சட்டிக்குள்ளேயே பாம்பு நாள் முழுக்க ஊறிக்கிடந்தால் அதுவே அறிகுறி, தண்ணீரில் செத்துக் கிடக்கும் புள்ளிகள் சாட்சி.

இவற்றையெல்லாம் கொல்ல உறுதியான வழி வெப்பம். நூறு டிகிரியில் ஒரு மணி நேரம் இருந்தால் பூச்சியும் முட்டையும் தப்பாது. பெரிய அடுமனை அடுப்பு நம் வீடுகளில் இல்லை, ஆனால் கல்யாண அண்டா இருக்கிறது. முற்றத்தில் கல்லடுப்பு மூட்டி, அண்டாவில் தண்ணீர் கொதிக்கவிட்டு, கையளவு கட்டைகளையும் தென்னம்பாளையையும் முழுக்கிவிடுங்கள். நீரின் நிறம் இறங்கும், ஒருமுறை மாற்றி மறுபடி கொதிக்க விடுங்கள். சருகை வேகவைத்தால் கூழாகிவிடும். இட்லி வேகவைப்பது போலத் தட்டில் பரப்பி ஆவியில் அரைமணி நேரம் வைத்து, வெயிலில் காயப்போடுங்கள். அந்தப் பாத்திரத்தை அதன் பிறகு சமையலுக்கு எடுக்கக் கூடாது. இதைச் சொல்லாமல் விட்டதற்காக ஒரு வீட்டில் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அண்டாவில் அடங்காத பெரிய கிளைக்கு வெளுப்புநீர் (பிளீச்). வீட்டுக்கு வாங்கும் சாதாரண வெளுப்புநீர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, கட்டையை நன்றாகத் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டு, ஓடும் தண்ணீரில் அலசி, பிறகு ஒரு நாள் முழுதும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். வெயிலில் காய்ந்த பிறகு மூக்கை வைத்துப் பார்த்தால் வெளுப்பு வாடை துளியும் வரக் கூடாது. வந்தால் மறுபடி ஊறட்டும். வெளுப்புநீரோடு கழிவறை அமிலத்தையோ வினிகரையோ கலந்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு பாம்பை விட்டுவிட்டு முதலில் உங்களைத்தான் பிடிக்கும்.

கல்லைக் கொதிக்க வைக்கவோ நெருப்பில் போடவோ வேண்டாம். செம்புரைக்கல் உள்ளுக்குள் நீர் பிடிப்பது. திடீர்ச் சூட்டில் அந்த நீர் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கும். பிரஷ் போட்டு வெந்நீரில் தேய்த்து, மேலே சொன்ன வெளுப்புநீர் முறையைச் செய்து, வெயிலில் ஒரு வாரம் காயவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கறுப்புத் தார்ப்பாய் சுற்றி வைத்தாலே போதாதா என்று கேட்பார்கள். வண்டை விரட்டவும் ஈரத்தை இழுக்கவும் அது உதவும். கட்டையின் நடுப்பகுதிக்கு வெளிச்சூடு போய்ச் சேராததால் அதை மட்டும் நம்பக் கூடாது.

எல்லாம் முடிந்த பிறகும் நேரே கூண்டுக்குள் வைக்காமல், ஒரு மாதம் வெள்ளைத் துணி விரித்த பெட்டிக்குள் மூடி வையுங்கள். துணியில் மாவு உதிர்ந்திருக்கிறதா, புள்ளிகள் நகர்கின்றனவா என்று அவ்வப்போது பார்த்தால் தெரிந்துவிடும். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் படியைத்தான் தாண்டுவார்கள்.

தரைக்கு மணல் வேண்டாம். சிங்கம்புணரிப் பக்கம் கயிற்று ஆலைகளில் கிடைக்கும் தேங்காய் நார்த்தூள் போதும். உப்பு இருக்கும், ஆகவே இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து மூன்று நான்கு அங்குலம் நிரப்புங்கள். ஈரப்பதம் அறுபது விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25, 26. இயற்கைப் பொருள் நிறைய வைத்த கூண்டில் அளவுமானி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். செய்தித்தாள் விரித்த வெறுங்கூண்டில் எழாத பூஞ்சை, ஈரமான சருகிலும் கட்டையிலும் எழும். முதல் சில வாரங்களில் வெண்பஞ்சு போலத் தோன்றினால் பதற வேண்டாம், துடைத்துவிட்டுக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். பாம்பு வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்கில் குமிழி தெரிந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பொறுக்கப் போகும்போது ஒரு விஷயம். காய்ந்த கட்டைக்கும் கல்லுக்கும் அடியில் கையை விடாமல், கோலால் புரட்டிப் பார்த்து எடுங்கள். கணுக்காலை மூடும் காலணி இருக்கட்டும், அந்தி சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். நம் செம்மண் புதர்களில் சுருட்டை விரியன் சாணுக்குச் சற்று நீளமாக, சருகோடு சருகாகக் கிடக்கும். சிறியதாக இருப்பதாலேயே ஏமாறுகிறார்கள். அதையோ வேறு நம் நாட்டுப் பாம்பு எதையுமோ பிடித்து வீட்டில் வைக்க 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தில் இடமில்லை என்பதையும், உங்களுக்காக அல்ல, இதைப் படிக்கும் மற்ற இளைஞர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். கடி பட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். 108க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வளவுவீட்டான், காரைக்குடி

மூவருக்கும் மிக்க நன்றி. தைலப்பட்டையையும் முந்திரியையும் புற்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். டாக்டர் ஐயா எழுதியதை அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். சாம்பிராணியை முகப்போடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கல்யாண அண்டாவைத் தரமுடியாது என்பதிலும் அதே உறுதியோடு இருக்கிறார். பழைய எவர்சில்வர் பானை ஒன்று வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டு சந்தேகங்கள் மட்டும். பாம்பு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கிறது. கிளையைக் கூண்டில் எப்படிப் பொருத்துவது? கொல்லையில் ஆத்தங்குடிக் கல் (சிமெண்டுத் தரைஓடு) சில மீந்து கிடக்கிறது, அதைத் தரையில் ஒரு மூலைக்குப் பயன்படுத்தலாமா?

உளியும் கொட்டாப்புளியும், தேவகோட்டை

அண்டா விஷயத்தில் அப்பத்தா பக்கம்தான் நான்.

ஆத்தங்குடிக் கல்லைக் குளிர்ந்த பக்கத்தில் தண்ணீர்ச் சட்டிக்கு அடியில் போடுங்கள். சட்டி ஆடாது, சிந்தினாலும் தூள் சொதசொதவென்று ஆகாது. வழவழப்பு அதிகம் என்பதால் சட்டை உரிக்க உதவாது, அதற்குச் செம்புரைக்கல் இருக்கிறது. புதிய கல்லாக இருந்தால் சிமெண்டு வாடை போகும்வரை சில நாள் தண்ணீரில் போட்டு எடுங்கள்.

கிளையைப் பொறுத்தவரை, பாம்பின் உடம்புப் பருமனுக்குக் குறையாத தடிமன் வேண்டும். இந்தப் பாம்பு உச்சிக்கு ஏறுகிற சாதியல்ல, விழுந்தால் தாங்கும் உடம்பும் அல்ல, ஆகவே தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் உயர்த்த வேண்டாம். விளக்குச் சூட்டுக்கும் கிளைக்கும் நடுவே போதிய இடைவெளி விடுங்கள். பசை, சூட்டுப்பசைத் துப்பாக்கி இவற்றை நம்பாதீர்கள், சூட்டில் இளகிவிடும். கூண்டின் வெளிப்பக்கத்திலிருந்து துருப்பிடிக்காத திருகாணியை உள்ளே செலுத்திக் கிளையின் இரு நுனிகளையும் பிடித்துவிடுங்கள். கிளைக்கு முன்துளை போடாமல் முறுக்கினால் சீமைக்கருவேலம் பிளந்துவிடும், திருகாணி முனையும் மறுபுறம் எட்டிப் பார்க்கக் கூடாது. பொருத்தி முடித்த பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையை அதன் நடுவில் கட்டித் தொங்கவிட்டு, ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் அசையாமல் இருந்தால் பாம்பை விடலாம்.